ஓர் எழுத்தும் அதன் எண்ணும்: கணிப்பொறியில் தமிழ் ஶகரம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில் ஷாதிபூர் என்றொரு பகுதி உள்ளது. போர்ட் பிளேயர் என வழங்கிவந்த அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி முதலிய பல மொழிகளைப் பேசும் மக்கள் அத்தீவுகளில் கலந்து வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். ஆதலால் ஓர் இடத்தின் பெயரும் ஒரு மாணவரின் பெயரும் வெவ்வேறு பதிவேடுகளில் வெவ்வேறு லிபிகளில் எழுதப்படுவது அங்கே இயல்பான செயல்.

ஷாதிபூர், ஸ்ரீ விஜயபுரம் என்னும் இவ்விரு பெயர்களின் முதலெழுத்துக்களையும் கவனிக்க வேண்டும். இரண்டையும் இந்தியில் எழுதும்போது ஒரே எழுத்தைக் கொண்டே தொடங்குகிறோம். அது நாவின் நடுப்பகுதி அண்ணத்தை அணுகுவதால் பிறக்கும் தாலவ்ய ஶகரம். தமிழிலோ முதற் பெயரை ஷகரத்தாலும், இரண்டாவதை ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தாலும் எழுதுகிறோம். தாலவ்ய ஶகரத்துக்குரிய ‘ஶ’ என்னும் வடிவம் தமிழ் அச்சில் பெரும்பாலும் வடமொழி நூல்களோடு நின்றுவிட்டது. நாள்தோறும் நாம் காணும் எழுத்துக்களில் அது இல்லை.

காகிதத்தில் எழுதும்வரையில் இதனால் எந்த இடையூறும் நேர்வதில்லை. கணிப்பொறியில் எழுதும்போது மட்டும் ஒரு கேள்வி எழுகிறது. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தினுள் மறைந்திருக்கும் மெய், ஸகரமா ஶகரமா? இக்கேள்விக்கு இரு விடைகள் வழக்கில் இருப்பதால், கண்ணுக்கு முற்றிலும் ஒன்றாகத் தோன்றும் ஒரு பெயர் கணிப்பொறிக்கு இரண்டு பெயர்களாகிவிடக்கூடும். பள்ளிப் பதிவேட்டையும் பயனாளிகளின் பட்டியலையும் கையாளுவோர் இதன் காரணத்தை அறிந்திருப்பது நலம்.

எழுத்து எண்ணாவது எவ்வாறு?

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறிவதில்லை, எண்ணாகவே அறியும். அதனினும் நுட்பமாகச் சொன்னால், 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களின் வரிசையாக அறியும். இந்த ஓர் இலக்கத்துக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை முன்கூட்டியே ஓர் அட்டவணையில் வகுத்துக்கொள்ள வேண்டும். அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே அட்டவணையைக் கைக்கொண்டால்தான் செய்தி பிழையின்றிச் சேரும். தந்தி அலுவலகங்களில் புள்ளியும் கோடுமாக எழுத்துக்களை அனுப்பிய முறையும் இத்தகைய உடன்பாட்டை அடிப்படையாகக் கொண்டதே.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் அட்டவணையில் ஏழு பிட்டுகளுக்கு ஏற்ப 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் அவை போதுமானவை. இந்திய மொழிகளுக்கென இஸ்கி என்னும் அட்டவணை உருவாக்கப்பட்டு, 1991இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தால் தரமாக ஏற்கப்பட்டது. எட்டுப் பிட்டுகளால் கிடைக்கும் 256 இடங்களில் முற்பாதியை ஆஸ்கிக்கே விட்டுப் பிற்பாதியை இந்திய லிபிகளுக்கு அது ஒதுக்கியது. ஒரே ஒலிக்குரிய எழுத்துக்கள் எல்லா இந்திய லிபிகளிலும் ஒரே எண்ணைப் பெற்றன. தேவநாகரியின் ககரமும் தமிழின் ககரமும் ஒரே இடத்தில் அமர்ந்தன. எந்த லிபி என்பதைத் தனியொரு குறி அறிவித்தது.

ஆயினும் 1990களில் தமிழ் எழுதுவதற்கு அட்டவணைகள் பல பெருகின. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்களை வகுத்துக்கொண்டது. ஒரு கணிப்பொறியில் எழுதிய கடிதம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றிய அனுபவம் அக்காலத்து அலுவலகங்களில் பணியாற்றியோருக்கு மறந்திராது. உலகின் எல்லா லிபிகளுக்கும் பொதுவான ஒரே அட்டவணை வேண்டும் என்னும் நோக்கத்தோடு எழுந்த யூனிக்கோடு இத்துன்பத்துக்கு முடிவுகண்டது. அதன் முதற் பதிப்பு 1991ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. மத்திய அரசு 2009இலும், தமிழ்நாட்டு அரசு 2010இலும் அதனை அரசுப் பணிகளுக்குரிய தரமாக ஏற்றன. 2024இல் வெளிவந்த 16ஆம் பதிப்பில் 1,54,998 குறிகளுக்கு எண்கள் வழங்கப்பட்டிருந்தன.

காலியாக இருந்த 2998

யூனிக்கோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள். அவற்றை நிரப்புவதற்கு இஸ்கியின் வரிசையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. தேவநாகரி எழுத்தின் எண்ணோடு 640ஐக் கூட்டினால் அதற்கு இணையான தமிழ் எழுத்தின் எண் கிடைக்கும்; அவ்வளவு ஒழுங்கானது இவ்வமைப்பு. தமிழில் இல்லாத எழுத்துக்களுக்குரிய இடங்கள் காலியாக விடப்பட்டன. ககரத்தின் எண் 2965. அடுத்துவரும் ஙகரத்தின் எண் 2969. இடையிலுள்ள மூன்று இடங்கள், ககர வர்க்கத்தின் ஏனைய மூன்று வடமொழி எழுத்துக்களுக்கு நேரானவை.

இவ்வரிசை நெடுங்கணக்கின் வரிசையன்று. ரகரம் 2992, றகரம் 2993, லகரம் 2994, ளகரம் 2995, ழகரம் 2996, வகரம் 2997 என்றே எண்கள் செல்கின்றன. எனவே பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தும் பொறுப்பை இவ்வெண்களிடம் விட்டுவிட முடியாது. அதற்குத் தனி விதிகளைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

வகரத்துக்கு அடுத்த இடம் 2998. தேவநாகரித் தொகுதியில் இதற்கு நேரான 2358ஆம் இடத்தில் தாலவ்ய ஶகரம் உள்ளது. தமிழ்த் தொகுதியில் இவ்விடம் முதலிற் காலியாக விடப்பட்டது. ஷகரம் 2999ஐயும், ஸகரம் 3000ஐயும், ஹகரம் 3001ஐயும் பெற்றன. வழக்கிலுள்ள கிரந்த எழுத்துக்கள் இடம் பெற்றபோது ஶகரம் மட்டும் விடுபட்டது. தட்டச்சுப் பொறியிலும் அன்றாட அச்சிலும் காணப்படாத எழுத்தாதலால் அது அந்நாளில் பெருங்குறையாகத் தோன்றவில்லை.

வடமொழித் தோத்திரங்களையும் சாத்திரங்களையும் தமிழ் லிபியில் அச்சிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வெழுத்தைப் பயன்படுத்தியவர்கள். அந்நூல்களைக் கணிப்பொறியில் ஏற்ற முற்பட்டபோது, அச்சில் இருக்கும் ஓர் எழுத்தை எழுத வழியில்லை என்பது தெரியவந்தது. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில் 2998ஆம் இடம் ஶகரத்துக்கு வழங்கப்பட்டது. தமிழ்ச் சுழியத்துக்குரிய எண்ணும் அதே பதிப்பில்தான் கிடைத்தது. ஶகரத்தின் எண்ணை இரும இலக்கங்களில் எழுதினால் 101110110110 என வரும், ஷகரத்தினது 101110110111. கடைசி இலக்கம் ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

சகாராவிலிருந்து வந்த எழுத்துக்கள்

இதே 4.1ஆம் பதிப்பில் வட ஆப்பிரிக்காவின் பழமையான லிபியொன்றும் முதன்முதலாக இடம் பெற்றது. அது பெர்பர் மக்களின் திஃபினாக் லிபி. பண்டைய லிபியக் கல்வெட்டுக்களின் மரபில் வந்த இவ்வெழுத்தைச் சகாராப் பாலைவனத்தின் துவாரெக் மக்கள் விடாது காத்துவந்தனர். மொராக்கோ நாட்டில் 2001ஆம் ஆண்டு பெர்பர் பண்பாட்டுக்கென ஓர் அரச நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003இல் அம்மொழியைப் பள்ளிகளிற் கற்பிக்கும் லிபியாகத் திஃபினாக் தேர்ந்தெடுக்கப்பட்டது. பாடநூல் அச்சிடுவதற்கும் ஆசிரியர்கள் எழுதுவதற்கும் கணிப்பொறி எண்கள் தேவைப்பட்டன. 2005இல் 55 குறிகள் எண் பெற்றன. மொராக்கோவின் பள்ளி எழுத்துக்களும், அவற்றின் விரிவும், பிற புதிய வழக்குகளும், துவாரெக் மக்களின் எழுத்துக்களும் என நான்கு வகையினவாக அவை அமைந்தன.

அங்கும் எல்லாம் ஒரே முறையில் முடிந்துவிடவில்லை. துவாரெக் மொழிவகைகளில் உயிரொலிகளை எழுதுவதற்கு மேலும் இரண்டு எழுத்துக்கள் தேவை என்பது பின்னர் எடுத்துரைக்கப்பட்டது. அதுவரை காலியாக இருந்த 11622, 11623 என்னும் இடங்கள் 2012இல் வெளிவந்த 6.1ஆம் பதிப்பில் அவற்றுக்கு வழங்கப்பட்டன. பல கோடி மக்கள் பேசும் தமிழாயினும், பாலைவனத்து மக்களின் மொழியாயினும், விடுபட்ட எழுத்து இடம் பெறும் முறை ஒன்றே.

அம்முறை பின்வருமாறு: எழுத்தை வேண்டுவோர் முதலில் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். அவ்வெழுத்து உண்மையில் வழக்கில் உள்ளது என்பதற்கு அச்சுநூல், கையெழுத்துப் படி, கல்வெட்டு முதலிய சான்றுகளை அதில் காட்ட வேண்டும். எழுத்தின் பெயர், அது உயிரா மெய்யா குறியா என்னும் வகை, எழுதப்படும் திசை, வரிசையில் அதன் இடம் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். ஏற்கெனவே உள்ள குறிகளைக் கொண்டு அதனை எழுத இயலாது என்பதை நிறுவ வேண்டும். யூனிக்கோடின் தொழில்நுட்பக் குழுவும், சர்வதேசத் தர நிறுவனத்தின் குழுவும் இதனை ஆராயும். பின்னதில் நாடுகளின் தர நிறுவனங்கள் வாக்களிக்கின்றன. இந்தியாவின் சார்பில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் அதில் பங்குபெறுகிறது. இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் யூனிக்கோடு அமைப்பில் உறுப்பினராக இருந்துள்ளன.

ஒருமுறை வழங்கிய எண் மீட்டெடுக்கப்படுவதில்லை, வேறிடத்துக்கு மாற்றப்படுவதுமில்லை. அவ்வாறு மாற்றினால் அதற்கு முன் எழுதப்பட்ட ஆவணங்கள் அனைத்தும் பிழையாகிவிடும். ஆகவேதான் ஓர் எழுத்தைச் சேர்ப்பதற்குமுன் நெடிய ஆராய்ச்சி நடைபெறுகிறது. இவ்விதி நம்பிக்கைக்கு உரியது. எனினும் முன்னர் நேர்ந்த குறைகளை எளிதில் துடைத்துவிட முடியாதென்பதும் இதன் விளைவே. ஸ்ரீயின் கதை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஒரே தோற்றம், இரண்டு வரிசைகள்

யூனிக்கோடில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை. மெய்யின் அடிப்படை வடிவத்துக்கு ஓர் எண். கால், கொம்பு, கொக்கி முதலிய குறிகளுக்கும் புள்ளிக்கும் வேறு எண்கள். இவற்றை அடுக்கியே சொல் எழுதப்படுகிறது. ஷாதிபூர் என்னும் சொல்லில் நாம் காணும் எழுத்துக்கள் நான்கு. கணிப்பொறி சேமித்துவைப்பதோ 2999, 3006, 2980, 3007, 2986, 3010, 2992, 3021 என்னும் எட்டு எண்கள். இவற்றுள் இறுதியிலுள்ள 3021 ரகரத்தின்மேல் இடும் புள்ளி. இன்று பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் இப்பெயர் 24 பைட் இடத்தைக் கொள்ளும்.

ஸ்ரீ என்பது அச்சுக்கூடத்தில் ஒரே ஈய எழுத்தாக வார்க்கப்பட்டது. அதனுள் எந்த மெய் உள்ளது என்பதை அச்சுக்கோப்பவர் எண்ணிப்பார்க்க வேண்டிய தேவையே இல்லை. யூனிக்கோடில் அக்கூட்டெழுத்துக்குத் தனி எண் இல்லாமையால், அதைப் பிரித்து அடுக்க வேண்டியதாயிற்று. 2005க்கு முன் ஶகரமே அட்டவணையில் இல்லை. ஆகையால் ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என 3000, 3021, 2992, 3008 என்னும் வரிசை கைக்கொள்ளப்பட்டது. தமிழ் உச்சரிப்புக்கு இது பொருந்துவதாகவும் இருந்தது.

ஆனால் சொல்லின் மூலத்தில் இருப்பது தாலவ்ய ஶகரமே. 2005இல் அதற்கு எண் கிடைத்தவுடன் 2998, 3021, 2992, 3008 என்பதே உரிய வரிசை என யூனிக்கோடு அறிவித்தது. இந்தியில் இச்சொல்லுக்குரிய எண்கள் 2358, 2381, 2352, 2368. ஒவ்வொன்றோடும் 640ஐக் கூட்டிப் பார்த்தால் இப்புதிய வரிசையே கிடைக்கும்.

எண் கிடைத்த அன்றே எழுத்து எங்கும் பரவிவிடுவதில்லை. எழுத்துருவில் அதன் வடிவம் வரையப்பட வேண்டும். விசைப்பலகை மென்பொருளில் அதற்கு இடம் அமைய வேண்டும். தேடுதல், வரிசைப்படுத்துதல் ஆகியவற்றின் விதிகள் திருத்தப்பட வேண்டும். இவை நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் பழைய வரிசையில் எழுதப்பட்ட ஆவணங்கள் குவிந்துவிட்டன. விசைப்பலகையில் ஸ்ரீக்கென ஒரே விசை இருப்பினும், அதை அழுத்தும்போது எந்த வரிசை உருவாகும் என்பது மென்பொருளைப் பொறுத்தே அமைகிறது. எழுத்துருக்களிற் பெரும்பாலானவை இரு வரிசைகளையும் ஒரே கூட்டெழுத்தாகவே காட்டுகின்றன. பழைய வரிசையில் எழுதிய ‘ஸ்ரீ’, புதிய வரிசையில் எழுதிய ‘ஶ்ரீ’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் வேற்றுமை புலப்படுவது அரிது. இரண்டும் பரவலாக வழக்கில் இருப்பதை யூனிக்கோடும் ஒப்புக்கொண்டு, இரண்டையும் சமமாகக் கருதும்படி மென்பொருள் அமைப்போருக்குப் பரிந்துரைத்துள்ளது.

பரிந்துரை வேறு, விதி வேறு. ‘கொ’ என்னும் எழுத்தை ககரத்தோடு 3018 என்னும் ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்புக்குரிய 3014ஐயும் காலுக்குரிய 3006ஐயும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என்பது அட்டவணையிலேயே விதிக்கப்பட்டிருக்கிறது. முறையாக அமைந்த மென்பொருள் அவற்றைத் தானே சீராக்கிக்கொள்ளும். ஸகரமும் ஶகரமும் உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துக்களாதலால் அவற்றுக்கு அத்தகைய விதி இல்லை. மென்பொருள் அமைப்பவர் தனியே நினைவிற்கொண்டு ஏற்பாடு செய்தாலன்றி, கணிப்பொறி இரண்டையும் வேறாகவே கொள்ளும்.

பதிவேட்டில் நேரும் விளைவு

ஸ்ரீதேவி என்னும் மாணவியின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பள்ளிச் சேர்க்கையின்போது ஆசிரியர் அதைப் பழைய மென்பொருளில் தட்டச்சு செய்கிறார். சில ஆண்டுகளுக்குப் பின் வேறோர் அலுவலகம் இந்திப் பட்டியலிலிருந்து எழுத்துப்பெயர்ப்பு மென்பொருளின் உதவியால் தமிழ்ப் பட்டியலைத் தயாரிக்கிறது. இந்தியில் தாலவ்ய ஶகரம் இருப்பதால், எழுத்துக்கு எழுத்து பெயர்க்கும் மென்பொருள் 2998இல் தொடங்கும் வரிசையைத் தரும். முதற் பட்டியலில் உள்ளதோ 3000இல் தொடங்குவது. உதவித்தொகைக்காக இரு பட்டியல்களையும் ஒப்பிடும் கணிப்பொறி, இரண்டாவதில் அம்மாணவியின் பெயர் இல்லை என்று அறிவித்துவிடும். அச்சிட்ட தாளைக் கையிற்கொண்டு சரிபார்க்கும் அலுவலருக்கோ இரண்டு பெயர்களும் ஒன்றாகவே தோன்றும். தவறு எங்கே என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. பெயரை உடையவர்மீது எக்குற்றமும் இல்லாதபோதும், அலைச்சல் மட்டும் அவருக்கு வந்துசேரும்.

அந்தமான் தலைநகரின் பெயரே ஸ்ரீயில் தொடங்குவதால், அங்கு முகவரி எழுதப்படும் தமிழ்ப் பதிவேடுகள் எல்லாவற்றிலும் இவ்விரட்டை நுழையும் வாய்ப்புண்டு. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீவைகுண்டம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களுக்கும் இது பொருந்தும். ஸ்ரீனிவாசன், ஸ்ரீதரன், ஜெயஸ்ரீ, ராஜஸ்ரீ என்னும் பெயருடையோர் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

இதுபோன்ற மயக்கம் வேறிடத்திலும் உண்டு. ஔகாரத்தின் பின்பகுதி, ளகரத்தைப் போன்ற வடிவமுடைய தனிக் குறி. அதற்குப் பதிலாக ளகரத்தையே இட்டு ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்றும், ‘ஔவை’ என்பதை ‘ஒளவை’ என்றும் தட்டச்சு செய்வோர் பலர். பார்வைக்கு ஒத்திருப்பினும் இவை வேறு எண்கள். கௌரி, சௌந்தரம், மௌனிகா முதலிய பெயர்கள் இதனால் தேடலில் அகப்படாமற் போகின்றன.

எண் வழங்குவதும் மொழியில் ஏற்பதும்

வடமொழி ஒலிகளைத் தமிழில் எழுதும் முறைபற்றித் தொல்காப்பியம் தொட்டே இலக்கண நூல்கள் விதி கூறியுள்ளன. கிரந்த எழுத்துக்களை எவ்வளவு கொள்ளலாம் என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. கிரந்த லிபிக்கு எண்கள் வழங்குவதுபற்றி 2010ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. பின்னர் 2014இல் 7ஆம் பதிப்பில் அந்த லிபி தனித் தொகுதியாக இடம் பெற்றது. ஓர் எழுத்துக்கு எண் வழங்குவது, அதை எல்லோரும் எழுத வேண்டும் எனக் கட்டளையிடுவதாகாது. எழுதப்பட்ட ஒன்றைச் சிதைவின்றிப் பாதுகாக்க வழிசெய்வதே அதன் பயன். திரு என எழுத விரும்புவோர் அவ்வாறே எழுதலாம்.

ஆயினும் பதிவேட்டில் எழுத்தை மாற்றுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஷாதி என்னும் இந்திச் சொல்லுக்குத் திருமணம் என்று பொருள். ஷகரத்தை நீக்கிச் சாதிபூர் என எழுதினால், தமிழ் படிப்பவருக்கு முற்றிலும் வேறான பொருள் தோன்றிவிடும். ஒருவரின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ எந்த வடிவில் பதிவாயிற்றோ அந்த வடிவைக் காப்பதே பதிவேட்டின் கடமை. திருத்துவது வேண்டுமாயின் உரிய ஆணையின் பேரில் திருத்த வேண்டும்.

அலுவலர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை

மறைந்திருக்கும் மெய்யைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. திரையில் ஸ்ரீ என்னும் எழுத்துக்குப் பின்னே சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒவ்வொரு முறையாக அழுத்த வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் முதலில் ஈகாரக் குறியும், பின்னர் ரகரமும், அதன்பின் புள்ளியும் நீங்கும். எஞ்சி நிற்பது ‘ஸ’ ஆயின் அது பழைய வரிசை. ‘ஶ’ ஆயின் புதிய வரிசை. கௌகாரத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். முதல் அழுத்தத்தில் முழுக் குறியும் நீங்கிக் ககரம் மட்டும் நின்றால் சரியான எழுத்து. ‘கெ’ என நின்றால் ளகரம் தவறாக இடப்பட்டுள்ளது.

புதிதாகத் தொடங்கும் பதிவேட்டில் ஓர் அலுவலகம் முழுவதும் ஒரே வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். யூனிக்கோடு உரியதெனக் கூறுவது ஶகர வரிசை. பழைய பட்டியலில் ஒரு பெயர் அகப்படாவிடில், இல்லை என்று முடிவு செய்வதற்குமுன் இரு வரிசைகளிலும் தேடிப் பார்த்தல் வேண்டும். பட்டியல் முழுவதையும் மாற்றியமைக்க நேரின், மூலப் படியைத் தனியே காப்பாற்றிவைத்து, என்ன மாற்றம் எந்த நாளில் செய்யப்பட்டது என்பதையும் குறித்துவைப்பது அவசியம். ஆட்களை அடையாளம் காண்பதற்குப் பெயரை மட்டும் நம்பாமல் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். மென்பொருளை வாங்கும்போதே இரு வரிசைகளையும் ஒன்றாகக் கருதித் தேடும் வசதி உண்டா என்று கேட்டறிவது பிற்காலத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பாடமாகவே நடத்தலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரைக் காகிதத்தில் எழுதி, அதிலுள்ள எழுத்துக்களை முதலில் எண்ணட்டும். பின்னர் மெய்களையும் குறிகளையும் பிரித்துக் கணிப்பொறி எத்தனை எண்களாகச் சேமிக்கும் என்று கணக்கிடட்டும். பல மொழி மாணவர் ஒன்றாகப் பயிலும் இடங்களில், ஒரே ஊர்ப் பெயரைத் தத்தம் லிபியில் எழுதி ஒப்பிட்டால், இந்திய லிபிகளின் பொது அமைப்பும் வேற்றுமையும் தாமே விளங்கும். பின்னழிப்புச் சோதனையையும் அவர்களைக் கொண்டே செய்விக்கலாம். ஶ என்னும் எழுத்தை முன்பின் கண்டிராத மாணவர்கள், தாம் நாள்தோறும் எழுதும் ஸ்ரீயினுள் அது இருந்தால் அச்சோதனையில் தாமே கண்டுகொள்வர்.